இரண்டாவது அம்மா

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்த முதல் வாரம் டாட் நதியைப் பார்க்கப் போனேன். ஒரே மணல். மதுரைக்காரனுக்கு இதிலென்ன அதிர்ச்சி? வைகையைப் பார்த்து வளர்ந்தவன்தானே. மூன்று முறை தண்ணீர் ஓடப் பார்த்தவன்தான் இந்த ஊர்க்காரன் என்பார்கள். ஆறு வருஷத்தில் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

அடிலெய்டில் படித்துவிட்டு, விசாவுக்காக 1,500 கிலோமீட்டர் வடக்கே வந்து ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ஆனேன். இரண்டாவது மாதம் அரண்டா என்ற பூர்வகுடிப் பிள்ளைகள் ஆறு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இந்த மண்ணின் சொந்தக்காரர்கள் அவர்கள். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நான் அவர்களுக்கு வாத்தியார்!

மதிப்பீட்டுத் தாளில் "விருந்தினரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா" என்று ஒரு கட்டம். ஆறு பேரும் தரையைத்தான் பார்த்தார்கள். பெரியவர்களை நேருக்கு நேர் பார்ப்பது இங்கே மரியாதை இல்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான் இருந்தது, நான்தான் மறந்துவிட்டேன்.

ஆறு பேரில் ஒரு பெண்ணுக்குப் பத்தொன்பது வயசிருக்கும். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பை அவளைப் போல யாரும் போட்டதில்லை, காசை எறிந்தால் துள்ளும். ஒரு திங்கள்கிழமை அவள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து "அம்மா இறந்துட்டாங்க, சாரி பிசினஸ்" என்றாள். துக்க காரியங்களுக்கு இங்கே பூர்வகுடிகள் சொல்கிற பெயர் அது. சரி என்றேன்.

நாலு மாதம் கழித்து, சீசன் உச்சத்தில், மறுபடி வந்து அதையே சொன்னாள். "போன தடவையும் அம்மான்னுதானே சொன்னே?" என்று கேட்டுவிட்டேன், ட்ராலிகளுக்கு நடுவில், எல்லார் முன்னாலும். அவள் ஒன்றும் பேசவில்லை. மாஸ்டர் கீயை ட்ராலிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

லாண்ட்ரியில் அரண்டா அம்மா ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. டவல் மடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "உங்க அம்மாவோட அக்காவை நீ எப்படிக் கூப்பிடுவே?"

"பெரியம்மா."

"அப்படின்னா?"

"பெரிய... அம்மா."

"பிறகென்ன?" என்று அடுத்த டவலை எடுத்தார்.

அரண்டாவில் அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான், அப்பாவின் சகோதரர்களும் அப்பாதான். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்தான் என்று அன்று ராத்திரி தோன்றியது. அடிலெய்டில் வேலை பார்த்த இடத்தில், பெரியப்பா இறந்தபோது "அங்கிள்" என்று எழுதி லீவு கேட்டேன். இந்த நாட்டுச் சட்டப்படி துக்க விடுப்பு இரண்டு நாள், அதுவும் நெருங்கிய குடும்பத்துக்கு. அங்கிள் அதில் வரமாட்டார் என்றார்கள். என்னைத் தோளில் தூக்கி அழகர் காட்டிய மனுஷன். பதினாறாம் நாள் காரியம் மதுரையில் நடந்தபோது நான் அடிலெய்டில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு யாருக்கு எப்போது வேலை என்ற ரோஸ்டரை ஆன்ட்டியிடம் காட்டாமல் ஒட்டுவதில்லை. ஒருநாள் இரண்டு பெயர்களைத் தொட்டு, "இவனுக்கு இவள் மாமியார் முறை, ஒரே அறையில் நிற்கக்கூடாது" என்றார். அந்த மாமியாருக்கு வயசு இருபத்தொன்று! இன்னொரு முறை ஒரு பையனின் பெயர்ப் பட்டையைக் கழற்றச் சொன்னார். அதே பெயருள்ள ஒருவர் இறந்திருந்தார், இறந்தவர் பெயரைச் சொல்லக்கூடாது. கொஞ்ச காலத்துக்கு அவன் "குமஞ்சாய்", சொல்லக்கூடாத பெயருக்கு இங்கே வைக்கிற மாற்றுப் பெயர். மேனேஜருக்கு இது விளங்கவேயில்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாத்தா பெயர் பழனி என்பதால், பஸ்ஸில் "முருகன் மலைக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்கிற அப்பத்தாவோடு வளர்ந்தவன் நான்.

450 கிலோமீட்டர் தள்ளி, உலுரு என்ற பெரும்பாறைக்குப் பக்கத்தில் யுலாராவில், 2011-லிருந்து பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்றே ஹோட்டல் பயிற்சி நிலையம் நடக்கிறது. நாடெங்குமிருந்து வந்து, தங்கி, சம்பளத்தோடு படிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சொந்த ஊரிலேயே படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு உறவும் சாவும் வாசலிலேயே நிற்கும். ரோஸ்டரில் அதற்கு இடம் விடாமல், லாபியில் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் மாட்டி என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் ஆன்ட்டி சொன்னதுதான். இங்கே பழைய தந்தி நிலையத்தில் டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிறார்கள். 1932 முதல் 1942 வரை அது குழந்தைகள் விடுதி. அரண்டா போன்ற பூர்வகுடித் தாய்மாருக்கும் வெள்ளைத் தகப்பன்மாருக்கும் பிறந்த பிள்ளைகளை அரசாங்கம் பிரித்துக்கொண்டுபோய் வைத்த இடம். அப்படிப்பட்ட விடுதிகளில் வளர்ந்த பெண்களை வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பினார்கள். "எங்க அம்மாவுக்கும் அங்கேதான் பெட் போடக் கத்துக்கொடுத்தாங்க" என்றார். நான் சொல்லிக்கொடுக்கும் மூலை மடிப்பை அதற்கப்புறம் பழைய உற்சாகத்தோடு சொல்லித்தர முடியவில்லை.

மாஸ்டர் கீயை வைத்துவிட்டுப் போனவள் பதினெட்டு நாள் கழித்து வந்தாள். "எதிரே நின்னு மன்னிப்புக் கேக்காதே, பக்கத்துல உட்காரு" என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார். பின்பக்கம் சாமான் இறக்கும் மேடையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எதிரிலிருந்த குப்பைத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தப்பு என்னுடையது என்றேன். பெரியம்மா கதையைச் சொன்னேன், பெரியப்பாவையும். வெகுநேரம் பதிலில்லை.

பிறகு எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, "114-ல ஷவர் அடைச்சிருக்கு" என்றாள்.