பின் பிரேக் பைப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

மும்பை செம்பூரின் உப்புக்காற்றும் பதினான்கு மழைக்காலமும் சேர்ந்து என் காரின் பின் பிரேக் பைப்பை அரித்துவிட்டன. பிரேக் ஃப்ளூயிட் கசிந்து, மிதித்தால் பெடல் தரைவரை போகிறது. குர்லாவில் 4.75 மி.மீ. பைப் வாங்கி வந்தேன்.

பைப்பை இணைக்கும் நட்டுதான் படுத்தியது. சாதாரண 10 ஸ்பானர் போட்டதில் மூலைகள் மழுங்கிவிட்டன. ஃப்ளேர் நட் ஸ்பானர் நட்டைச் சுற்றிக் கவ்வும். வாங்காதது என் கஞ்சத்தனம். போதாததற்கு, நட்டைக் கோக்காமலே பைப் முனையை விரித்துத் தொலைத்தேன்; விரிந்த முனையில் நட்டு ஏறாது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி.

அப்புறம் பைப்பில் புகுந்த காற்றை எடுப்பது. மனைவி “மிதிச்சாச்சு” என்றதும் சக்கரத்தருகே காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறப்பேன். மூடிய பிறகுதான் “விடு” என்பேன். முந்திக் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். சிந்திய ஃப்ளூயிட் பெயிண்டைத் தின்பதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

குமிழி நின்றது, பெடல் கல் மாதிரி. காம்பவுண்டுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு மாமா மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றார்.