'சின்ஸ்' வந்தால் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

மத்திய அரசுப் பணிகளுக்காக எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் சி.ஜி.எல். என்ற பட்டதாரிகளுக்கான தேர்வுக்குப் படித்தபோது, பழைய வினாத்தாள்களிலிருந்து பிழை கண்டறியும் வினாக்களை மட்டும் தனி நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அவற்றில் அடிக்கடி தலைகாட்டிய சிறு ஆங்கிலச் சொல் 'சின்ஸ்' (since). முதல் நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 வினாக்கள். சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறினால் 0.50 கழிவு. தெரிந்த சொல்தானே என்று குத்துமதிப்பாக விடையளிப்பது கட்டுப்படியாகாது.

ஒரு செயல் எப்போது தொடங்கியது என்பதற்கு 'சின்ஸ்', எவ்வளவு காலமாக நடக்கிறது என்பதற்கு 'ஃபார்' என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். மதிப்பெண் போவது அந்த இடத்தில் அன்று, வினைச்சொல்லில். '2019 முதல் இங்கே வேலை பார்க்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே பேசிப் பழகியதால், 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்ற வாக்கியம் நம் காதுக்குப் பிழையாகவே படுவதில்லை. அன்று தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கு ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் எழுத வேண்டும். ஆகவே 'சின்ஸ்' கண்ணில் பட்டவுடன், அதற்குப் பின்னால் வரும் காலத்தை ஆராய்வதற்கு முன், வாக்கியத்தின் முதன்மை வினையில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் சின்ஸ் ஹி லெஃப்ட் சென்னை' என்பதில் சென்னையை விட்டுப் போனது முடிந்துபோன நிகழ்ச்சி என்பதால் அங்கே சாதாரண இறந்தகாலமே போதும். அந்த 'லெஃப்ட்' என்பதை 'ஹேஸ் லெஃப்ட்' என்று மாற்றி வைப்பது வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமான பொறி.

இந்த விதியை மனப்பாடம் செய்தவர்களுக்கென்றே இன்னொரு பொறியும் உண்டு. 'சின்ஸ் இட் வாஸ் ரெயினிங், வி ஸ்டேய்ட் அட் ஹோம்' என்பதில் 'ஹேவ்' இல்லை, ஆனாலும் பிழையில்லை; இங்கே 'சின்ஸ்' காலத்தைக் குறிக்காமல் காரணத்தைச் சொல்கிறது. ஐயம் வந்தால் அந்த இடத்தில் 'பிகாஸ்' வைத்துப் படித்துப் பாருங்கள்; பொருள் பொருந்தினால் கால விதியை அங்கே நுழைக்க வேண்டாம்.

வருங்காலத் தொடக்கத்துக்கு 'சின்ஸ்' வராது. 'ஃப்ரம் டுமாரோ' என்றே எழுத வேண்டும். அலுவலகக் கடிதங்களில் தாராளமாகப் புழங்கும் 'சின்ஸ் லாங்' என்ற தொடரைத் தேர்வில் பார்த்தால் தயங்காமல் பிழை என்று குறியுங்கள். அங்கே எதிர்பார்க்கப்படுவது 'ஃபார் எ லாங் டைம்'.