5 டாக்கா தயிரின் கணக்கு

சமூகத் தொழில் என்றால் இலவசமாகக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பொருளை விற்கத்தான் வேண்டும். முதல் போட்டவர் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாம். அதற்கு மேல் வரும் லாபம் தொழிலுக்கே. கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் முன்வைத்த இந்த வழியில்தான், 2006-இல் வங்கதேசத்தில் கிராமீன் குழுமமும் பிரெஞ்சு பால்பொருள் நிறுவனமான டானோனும் சேர்ந்து நடத்தும் கிராமீன் டானோன் தொடங்கியது.

அந்நாட்டின் பொக்ரா நகரில் ஒரு சின்ன ஆலை. சிறு விவசாயிகளிடம் வாங்கிய பாலில் இரும்பு, துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஏ சேர்த்த 'சக்தி தொய்' தயிர். 80 கிராம் கப் 5 டாக்கா (வங்கதேச நாணயம்). கிராமத்துப் பெண்கள் வீடு வீடாக விற்றார்கள்.

2008-இல் பால் விலை எகிறியது. கப் 8 டாக்கா ஆனதும் கிராமத்து விற்பனை படுத்துவிட்டது. விற்பனை இல்லையேல் கமிஷன் இல்லை, பெண்களும் விலகினார்கள். பிறகு கப்பை 60 கிராமாக்கி 6 டாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். தலைநகரில் கூடுதல் விலைக்கு விற்று, கிராமத்தில் விலையைத் தாங்கினார்கள்.

அடக்கவிலையில் தொடங்கி விலை வைப்பது இங்கே உதவாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளையின் தின்பண்டத்துக்கு அம்மா கையில் எவ்வளவு சில்லறை இருக்கும்? அதை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து விற்பவர் கமிஷன், பாதை நெடுகக் குளிர்ச்சி காக்கும் செலவு, கெட்டுப்போகும் கப்புகள் எல்லாம் கழியுங்கள். மிஞ்சுவதற்குள் பால் வாங்க முடிகிறதா பாருங்கள்.