தோடி மறுபடி பேசியது: ராஜரத்தினம் பிள்ளை தட்டும் 3.5 மில் ஊசியும்

ஒரு வழியாகத் தோடி பேசிவிட்டது. நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பத்து அங்குல 78 சுற்று அரக்குத் தட்டு, முதல் பக்கம். மூன்று வாரமாக, கார்வை நிற்கும் இடமெல்லாம் கரகரவென்று கிழிந்துகொண்டிருந்த பக்கம் இது. கழுவியும் போகவில்லை, டோன் ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கை) எடையைக் கூட்டியும் போகவில்லை. ஊசி முனையை அரை மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனாக்கியதும் போய்விட்டது.

நாகஸ்வரத் தட்டுகள் பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் கைக்கு வரும். சத்தம் தூக்கலாக வெட்டிய தட்டில் க்ரூவ் (ஊசி ஓடும் பள்ளம்) அதிகமாக வளையும். கிராமபோனின் எஃகு முள்ளும் கனத்த சவுண்டு பாக்ஸும் அந்த வளைவுகளில்தான் சுவரை அரைத்திருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடங்கள் சாம்பல் பூத்துத் தெரியும். ஆனால் சுவர் முழுக்கத் தேய்வதில்லை. ஒரே உயரத்தில் பட்டையாகத்தான் தேய்ந்திருக்கும். நாம் போடும் 3 மில் முனை போய் உட்காருவது சரியாக அந்தப் பட்டையில். முனையின் ஆரம் 3-லிருந்து 3.5 மில் ஆனால், சுவரைத் தொடும் இடம் ஏறத்தாழ 9 மைக்ரான் மேலே ஏறும். அந்த 9 மைக்ரானில் தேயாத சுவர் இருந்தது.

4 மில்லும் போட்டுப் பார்த்தாயிற்று. அது க்ரூவின் விளிம்புக்கு மிக அருகில் ஓடுகிறது. கீறல்களெல்லாம் விளிம்பில்தான் இருக்கும் என்பதால் டிக் டிக் சத்தம் கூடிவிட்டது. இந்தத் தட்டுக்கு 3.5-தான். கீழே இறங்க வேண்டுமென்றால் 2.3, அதுவும் நுனி மழித்த முனையாக இருக்க வேண்டும். கூர்முனை அடியைத் தொட்டு அங்கே கிடக்கும் அழுக்கை உழுதுகொண்டு போகும்.

ஊசி சரியான பிறகும் இடது வலது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய பகுதி) க்ரூவின் ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு சேனலில் எடுக்கிறது. 78-இலோ இரண்டு சுவரிலும் ஒரே பாட்டு. இந்தத் தட்டில் ஒரு சேனல் சுத்தம், இன்னொன்றில் மணல் வறுக்கும் சத்தம். தேய்மானம் சமமாக இருக்கும் தட்டில் இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினால் மேலும் கீழுமாக வரும் இரைச்சல் அடங்கும். இதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

ஃபோனோ ப்ரீஆம்ப் வழியே நேராகப் பதிவு செய்யாதீர்கள். அதிலிருக்கும், எல்பி தட்டுகளுக்கான ஆர்ஐஏஏ ஒலிச் சமன் வளைவு 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் இறக்கிவிடும். நாகஸ்வரச் சீவாளியின் கூர்மை அதோடு போயிற்று. அந்த வளைவு இல்லாமல் தட்டையாகப் பதிவு செய்து, பிறகு ஆடாசிட்டி மென்பொருளில் 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் ஏற்றிக் கேட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் கூடத் துலங்குகிறது.

வேகத்தைச் சரிபார்க்க, சுழலும் தட்டின் மேல் வைக்கும் 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் எரியும் விளக்கின் ஒளியில் கோடுகள் நகராமல் நிற்பதுபோல் தெரிந்தால் நிமிடத்துக்கு 77.92 சுற்று. பல எல்இடி பல்புகளில் கோடு நிற்காது. நியான் விளக்கு வேண்டும். லைன் டெஸ்டரில் இருப்பதே போதும், அறையை இருட்டாக்கிப் பிடித்தால் தெரியும்.

கழுவுவது பற்றி இரண்டே வார்த்தை. 78 தட்டில் ஸ்பிரிட் பட்டால் தீர்ந்தது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பாலிஷ் போடுகிறார்கள். தட்டும் அதே அரக்குதான். மதுரை போர்வெல் தண்ணீர் காய்ந்தால் க்ரூவில் உப்பு நிற்கும், ஆகவே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். லிட்டருக்கு நாலைந்து சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ், லேபிள் நனையக் கூடாது, ஊறவைக்கவே கூடாது. நிழலில் நிறுத்தி ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மறந்தால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும்.

சேர்ப்பில் அடிக்கடி ஊசிக்குப் போகும் மற்ற தட்டுகள்: கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா, பிறகு 1930-களின் எம்.எஸ். சுப்புலட்சுமி. கிட்டப்பா 1933-இல் 27 வயதில் மறைந்தவர்; அந்தக் குரல் நமக்குக் கிடைப்பது இந்த அரக்குத் தட்டுகளால்தான். மேல் ஸ்தாயியில் அவர் நிற்கும் இடத்திலும் இதே தேய்மானம்தான், ஆகவே 3.5 அங்கேயும் உதவும். சுந்தராம்பாள் தட்டுக்கு 3 மில்லே போதும். குரல் கணீரென்று முன்னால் வந்து நிற்கிறது. வினைல் தட்டுகளில் முதலிடம் மதுரை நாகஸ்வரக் கலைஞர்கள் எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுக்கு. எல்பியில் நாகஸ்வரம் கேட்பவர்கள் கடைசி அரை அங்குலத்தைக் கவனியுங்கள். வெளி விளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் க்ரூவ் உள்ளே 21 செ.மீ.க்கு இறங்கிவிடும். கூம்பு முனை அங்கே திணறும், நீள்வட்ட முனை சமாளிக்கும்.

வாங்கும் இடம் என்றால், ஞாயிறு காலை மதுரை திலகர் திடல் சந்தையில் பொறுமையாகக் கிளற வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தட்டுகள் அதிகம், விலையும் அதிகம். பானை வாங்குவது போல விரலால் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்ட தட்டு மொக்கையாக ஒலிக்கும். லேபிளை இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அதற்காகத் தட்டை ஒதுக்க வேண்டாம். மைக் செட்காரர்கள் கைமாற்றும் 45 சுற்று ஈபி சிறு தட்டுகளைத்தான் யோசித்து வாங்க வேண்டும். திருவிழா முழுக்க ஒரே ஊசியில், கனத்த கிரிஸ்டல் பிக்கப்பில், குழாய் ஸ்பீக்கருக்காக ஓடியவை அவை. மோனோ ஈபிகளுக்கு 0.7 மில் முனையை விட்டு 1 மில் முனை போட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. பதினொரு தட்டுகள் கழுவித் தயாராக நிற்கின்றன.

அதற்கு முன் தோடியின் இரண்டாம் பக்கம் பாக்கி. அங்கே தேய்மானம் விளிம்பு வரை ஏறியிருக்கிறது; 3.5, 4 இரண்டும் தோற்றன. நுனி மழித்த 2.3 முனைக்குச் சொல்லியாயிற்று.