கருத்தடைத் தலைப்பில் எஸ்.டி.எஸ்.: எந்தெந்த மேசையில் சிக்கும்?

எஸ்.டி.எஸ். (மருத்துவ மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வு உதவித்தொகை) விண்ணப்பத்தை எப்படிப் போடுவது என்று சீனியர்களே சொல்லிவிடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்துகிற திட்டம், இரண்டு மாத ஆய்வு, 50,000 ரூபாய் உதவித்தொகை என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. இணையதளத்தில் பதிவதும் ப்ரொபோசலை ஏற்றுவதும் எனக்கு ஒரே மாலையில் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரத்தசோகை, சர்க்கரை, செல்போன் பழக்கம் என்று தலைப்பு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இதைப் படிக்கத் தேவையில்லை. என் தலைப்பு, அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிச் சென்னைக் கல்லூரி மாணவிகளுக்கு என்ன தெரியும் என்பது.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்காதவர் இல்லை. இந்த மாத்திரையை, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி.யை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்கியாக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். நம் ஊர் மருந்துக்கடைகள் பலவற்றில் இதைக் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பார். அடுத்த கடையிலும் அதே பார்வை, அதே பதில். இதைவிடச் சென்னைக்குப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

முதல் முட்டுக்கட்டை கைடு. ஒரு ஆசிரியர் ஒரு மாணவருக்குத்தான் கைடாக இருக்க முடியும் என்பதால் நல்லவர்கள் சீக்கிரமே ‘புக்’ ஆகிவிடுவார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவர், “பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) செய்யலாமேம்மா, எல்லாருக்கும் பிடிக்கும்” என்றார். இன்னொருவர் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் கமிட்டி, அதாவது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, கேள்வி கேட்டால் நீயே பார்த்துக்கொள் என்றார். இந்த இரண்டாவது ரகத்திடம் எச்சரிக்கையாக இருங்கள். வேறு தலைப்புக்கு அவர் போதும், இதற்குப் போதாது. நான்கு பேர் நடுவில் ‘உடலுறவு’ என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொல்கிறவரா என்று பார்த்து கைடைத் தேடுங்கள்.

எனக்குக் கடைசியில் கிடைத்த மேடம் அப்படிப்பட்டவர். ப்ரொபோசலை வாங்கியதும் பாதியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். வாடிக்கையாளர் போல மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை கேட்டுப் பார்க்கும் பகுதி ஒன்று இருந்தது. என் செல்லப் பகுதி. “கடைக்காரருக்குத் தெரியாமல் அவரை ஆய்வு செய்கிறாய். அது ஏமாற்று முறை. முழுக் குழுவும் உட்கார்ந்து விவாதிக்கும். உனக்கு இருப்பது இரண்டு மாதம்” என்றார். அன்று அழுகை வந்தது. பிறகு கமிட்டி அறையில் அதே கேள்வியில் வேறொரு மாணவர் மாட்டி விழித்ததைப் பார்த்தபோதுதான் மேடத்தின் சிவப்பு மையின் அருமை தெரிந்தது.

அடுத்தது நெறிமுறைக் குழு அலுவலகம். 15 பிரதி, கைடின் சுயவிவரம், தமிழ் ஒப்புதல் படிவம் எல்லாம் அடுக்கிக் கொண்டுபோனேன். அங்கிருந்த எழுத்தர் முதல் பக்கத்தைப் படித்தார். கோப்பை மெதுவாகத் திருப்பி, தலைப்பு மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தார். “பெண்கள் நலம்னு போட்டுக்கக் கூடாதாம்மா?” கூடாது சார் என்றேன். அடுத்த முறை போனபோது, தமிழ்ப் படிவத்தைச் சரிபார்த்தவரின் கையெழுத்து இல்லை என்றார். அதை வாங்கிக்கொண்டு போனால் துறைத் தலைவரின் முத்திரை மங்கலாம். எல்லாக் குறையையும் ஒரே நாளில் சொன்னால் குடி முழுகிவிடுமா? இதற்கு என்னிடம் ஒரே வைத்தியம்தான் இருக்கிறது: ‘என்னென்ன குறை என்று இதில் எழுதிக் கொடுங்கள் சார்’ என்று பணிவாக ஒரு தாளை நீட்டுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் குறைகள் பாதியாகிவிடும். எவ்வளவு கெஞ்சினாலும் தலைப்பை மட்டும் மாற்றாதீர்கள். விண்ணப்பத்தில் ஒன்று, சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால் அறிக்கை அனுப்பும்போது நீங்கள்தான் நிற்க வேண்டும்.

வராந்தாவில் காத்திருந்தபோது மேடம் ஒரு கதை சொன்னார். 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே ஊரில்தான். கண்டுபிடித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்ற மாணவி. தலைப்பைக் கொடுத்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். மயிலாப்பூரில் ஒரு காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரி சேகரித்து வேலூர் சி.எம்.சி.யில் சோதித்திருக்கிறார்கள். “அவர்களிடம் எந்த எழுத்தரும் தலைப்பை மாற்றச் சொல்லவில்லையா மேடம்?” என்றேன். மேடம் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

கமிட்டியில் நான் பயந்தது மருத்துவர்களுக்கு, பிடித்துக்கொண்டவர் குழுவில் இருந்த வழக்கறிஞர். “முதலாண்டு மாணவிகளில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்களே?” 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அது போக, அந்தப் பெண் தன் உறவைப் பற்றி ஏதாவது எழுதிவிட்டால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டிய நிலை எங்களுக்கு வரும். நல்லவேளை, மேடம் முன்னமே வினாத்தாளில் ‘நீங்கள் உபயோகித்ததுண்டா’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 18 நிறைந்தவர்கள் மட்டும் என்று வரம்பும் போட்டிருந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். வழக்கறிஞர் தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கு உருப்படியான கேள்வி கேட்டவர் பொதுமக்கள் பிரதிநிதியாக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. “வகுப்பில் உட்கார்த்தி நிரப்பச் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்க்க மாட்டாளா?” எங்கள் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. பெஞ்சுக்கு ஒருத்தி, ஒட்டிய உறை, வாசலில் பூட்டிய பெட்டி என்று அங்கேயே மாற்றினோம். கையெழுத்துள்ள ஒப்புதல் படிவத்தைத் தனியாக வாங்கி வேறு பெட்டியில் போடச் சொன்னதும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பின் அடித்தால் பெயர் சொல்லாத ஆய்வு எங்கே இருக்கிறது?

அனுமதி வந்த பிறகு ஒரு கல்லூரியில் முதல்வர் அறையில் மதியம் வரை காத்திருக்க வைத்து, “எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாதும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். தெரியாது என்பதைத்தானே அளக்க வந்தேன்! வேறொரு கல்லூரியில் விலங்கியல் துறைப் பேராசிரியை அரை மணி நேரத்தில் அனுமதி வாங்கிக் கொடுத்து, அறையைவிட்டு ஆசிரியர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தானும் போய்விட்டார். முதல்வரிடம் நேராகப் போகாமல் துறையில் ஒருவரைப் பிடியுங்கள். தரவு சேகரிப்பு அதன்பின் சொல்லும்படியாக எதுவும் இல்லாமல் முடிந்தது.

அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் பணம் வரும். நிராகரித்துவிட்டால் ஒரு பைசா கிடையாது. என்னுடையது ஏற்கப்பட்டுவிட்டது. பணம்தான் வரவில்லை. கல்லூரிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல்; வங்கிக் கணக்கில் அப்பாவின் முழுப் பெயர் பின்னால். இருவரும் ஒருவரே என்று டீனிடம் கடிதம் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்புக்கை எடுத்துப் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.