பாற்பல்தானே என்று விட்டோம்

மகளுக்கு ஐந்தரை வயது நடக்கும்போது ஒரு சனிக்கிழமை இரவு பல்லுக்கொதி தொடங்கியது. பகல் முழுக்க முற்றத்தில் சைக்கிள் ஓடித் திரிந்த பிள்ளை, பாயில் படுத்துக் கொஞ்ச நேரத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழும்பி இருந்தாள். ரோச் அடித்துப் பார்த்தேன். கீழே இடப்பக்கக் கொடுப்பில் ஒரு பல் நடுவில் கறுத்துக் குழிந்திருந்தது. குழிக்குள் ஒரு சோற்றுப் பருக்கை இறுகிக் கிடந்தது. அம்மா கிராம்பைத் தட்டிப் பஞ்சில் வைத்துத் தந்தார். கொஞ்சம் அடங்கியது. பிள்ளை சரிந்து படுத்தால் திரும்பவும் குத்தும். விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் குழியை ஆறு மாதம் முன்னமே நான் கண்டிருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. "பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று வீட்டிலும் அயலிலும் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரு இடத்தில் காட்டினோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஐந்து நாளைக்கு அன்ரிபயோற்றிக் பாணியும் பனடோலும் எழுதித் தந்தார்கள். "பாற்பல்தானே" என்று அங்கேயும் சொன்னார்கள். கொதி நின்றது. நாங்கள் சுகம் என்று நம்பிவிட்டோம். மூன்று கிழமையில் அந்தப் பல்லுக்குக் கீழே முரசில் பரு மாதிரி ஒரு கொப்புளம் வந்தது. அமத்தினால் சீழ் வந்தது, ஆனால் பிள்ளைக்கு நோவில்லை. நோவில்லாததுதான் என்னை ஏமாற்றியது. பல்லின் உள்ளே நரம்பு செத்து, கிருமி வேர் வழியாக இறங்கி எலும்பைத் துளைத்து வெளியே வழி தேடினால் இப்படித்தான் நோ அடங்குமாம். மருந்து வீக்கத்தைக் குறைக்கும், பல்லுக்குள் இருக்கும் அழுகலை எடுக்காது. இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

முன்பள்ளி ரீச்சர்தான் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அது பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை பார்ப்பார்கள், காசு இல்லை.

நாங்கள் இருப்பது முல்லைத்தீவில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. காலமை முதல் பஸ் பிடித்துப் போய் நம்பர் எடுத்தோம். புறப்படும்போது அம்மா பிள்ளையிடம், "ஊசி போடுவினம், அழக்கூடாது என்ன" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் முழுக்க அவள் கேட்டது ஒன்றுதான்: "ஊசி எவ்வளவு பெரிசு அம்மா?" ஊசி, நோகாது, கத்தி, இந்தச் சொற்களைப் போகும் வழியில் வாயிலேயே எடுக்காதீர்கள். நோகாது என்றால் பிள்ளைக்குக் காதில் விழுவது நோ என்பதுதான்.

அங்கே பிள்ளைகளின் பல் பார்க்கும் மிஸ் மகளை நேரே கதிரையில் ஏற்றவில்லை. முதலில் கையைக் கேட்டார். சுழலும் சின்ன பிரஷ்ஷை மகளின் பெருவிரல் நகத்தில் வைத்து ஓட விட்டார். "கூசுதா குஞ்சு? இப்ப பல்லையும் இப்பிடிக் கூச வைப்பம்" என்றார். துப்பல் உறிஞ்சும் குழாயை யானையின் தும்பிக்கை என்று சொல்லி, ஒரு கப் தண்ணீரை அதால் உறிஞ்சிக் காட்டினார். மகள் தானாகவே கதிரையில் ஏறிப் படுத்தாள். நான் பக்கத்தில் நின்று அவளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், என் கைதான் நடுங்கியது.

ஒரு பல்லுக்கு என்று போனோம், நான்கு பல் பழுது. மேலே இரண்டு கொடுப்புப் பல்லில் சின்னச் சூத்தை. அதை விறைப்பு ஊசி இல்லாமலே சுரண்டி, வெள்ளைச் சீமெந்து மாதிரி ஒன்றைக் குழைத்து அன்றே அடைத்துவிட்டார். பல்லோடு ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் புளோரைட்டும் விடும் அடைப்பு அது. ஒரு மணித்தியாலத்துக்குக் கடிக்கக் கூடாது என்றார். மற்ற இரண்டையும் கிளிநொச்சியில் பல் டொக்டரிடம் காட்டக் கடிதம் தந்தார்.

புறப்படும் முன் கண்ணாடியை வைத்து எனக்கு ஒன்று காட்டினார். கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், முரசைப் பிய்த்துக்கொண்டு புதுப் பல்லின் முனை தெரிந்தது. "இது பாற்பல் இல்லை அம்மா. இதுக்காக ஒரு பல்லும் விழாது, பின்னாலே சத்தமில்லாமல் முளைக்கும். இது போனால் திரும்ப வராது." ஆறு வயதை ஒட்டி வரும் நிரந்தரக் கடவாய்ப் பல். முளைத்தது எனக்குத் தெரியாது. வழக்கம்போல் அதையும் பாற்பல் என்று விட்டிருப்பேன்.

கிளிநொச்சியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கொப்புளம் வந்த பல்லைக் காப்பாற்ற முடியாது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். வலப்பக்கத்துப் பல்லில் சூத்தை ஆழம், ஆனால் வேர் நல்லாயிருக்கிறது, அதை வைத்திருக்கலாம் என்றார். விழப்போகிற பல்லுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நான் கேட்டேன். முன்பல் ஆறு ஏழு வயதில் விழும், ஆனால் கொடுப்பில் உள்ள பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியவை என்று விளங்கப்படுத்தினார். பிள்ளை சாப்பிடுவது அவற்றால்தான். கீழே இருக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவைதான். நேரத்துக்கு முன்னமே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தை அடைத்துவிடும், புதுப் பல் கோணலாக வரும்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. 2009இல், யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொதி தாங்க முடியாமல் கீழே ஒரு கடவாய்ப் பல்லை அங்கேயே பிடுங்கினார்கள். அது ஆறு வயதுப் பல் என்று இப்போதுதான் தெரிகிறது. பின்னால் இருந்த பல் முன்னுக்குச் சரிந்துவிட்டது, மேல்பல் கீழே இறங்கிவிட்டது. இத்தனை வருடமாக நான் வலப்பக்கத்தால் மட்டும்தான் சப்பிச் சாப்பிடுகிறேன். அப்போது எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. மகளுக்கு இருக்கிறது.

பிடுங்கிய அன்று முரசில் முதலில் ஒரு களிம்பு பூசினார்கள். அது விறைத்த பிறகுதான் ஊசி. "பல்லை நித்திரையாக்கிற மருந்து" என்று சொன்னார் டொக்டர், ஊசியைப் பிள்ளையின் கண்ணில் காட்டவே இல்லை. பிடுங்கியது ஒரு நிமிடம்கூட இல்லை. பஞ்சைக் கடிக்க வைத்து அனுப்பினார்கள். விறைப்பு இரண்டு மூன்று மணித்தியாலம் இருக்கும், உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். பஸ்ஸில் மாங்குளம் வரும் முன் எனக்குக் கண் சொருகிவிட்டது. முழித்துப் பார்த்தால் பிள்ளை விறைத்த கீழுதட்டைச் சப்பிச் சப்பிப் புண்ணாக்கி வைத்திருந்தாள். பல் பிடுங்கிய இடத்தில் நோ இரண்டு நாளில் நின்றது. உதடு ஆற ஒரு கிழமைக்கு மேல் போனது. விறைப்புப் போகும்வரை பக்கத்திலேயே இருந்து கதை சொல்லிக்கொண்டிருங்கள், நித்திரை கொள்ளாதீர்கள்.

வலப்பக்கத்துப் பல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். பல்லின் மேற்பாதியில் பழுதான சதையை மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் இருக்கும் நல்ல சதையை மருந்து வைத்து மூடுவதுதான் வைத்தியம். சதையை எடுத்ததும் ஈரப் பஞ்சை வைத்து அமத்திக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார் டொக்டர். இரத்தம் நின்றால் வேர் உயிரோடு இருக்கிறது, நிற்காவிட்டால் வேர்வரை துப்புரவாக்க வேண்டும் என்றார். பஞ்சை எடுத்துப் பார்த்து "நிண்டிட்டுது" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மேலே எவர்சில்வர் நிறத்தில் ஒரு தொப்பி போட்டார். இவ்வளவு சூத்தையை வெறும் அடைப்புத் தாங்காதாம். பல் விழும்போது தொப்பியும் சேர்ந்து விழும். பிடுங்கிய இடத்துக்கு, பக்கத்துப் பல் சரியாமல் இருக்க ஒரு வளைந்த கம்பியும் போட்டார்கள். மகள் அயலில் எல்லோருக்கும் வாயைத் திறந்து "வெள்ளிப் பல்லு" காட்டித் திரிந்தாள்.

சூத்தை எங்கிருந்து வந்தது என்று மிஸ் கேட்ட கேள்விகளில் எனக்கே தெரிந்துவிட்டது. மூன்று வயது வரை சீனி போட்ட மாப்பாலை போத்தலில் குடித்தபடிதான் நித்திரை. பிறகு ரின்பால் தேத்தண்ணி, கடைக்குப் போனால் ரொபி. எவ்வளவு இனிப்பு என்பதைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்பதுதான் முக்கியம் என்றார். இரவில் பல் தீட்டும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காலமை தீட்டினதும் பிள்ளைதான். ஏழு எட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தீட்டிவிட வேண்டும். இப்போது இரவில் நான் தீட்டுகிறேன், பட்டாணி அளவு பற்பசை, துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசுவதில்லை.

பட்டாணி அளவு என்று மிஸ் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் எங்கள் பக்கத்துத் தண்ணீர். என் கணவரின் ஆட்கள் வவுனியாப் பக்கம். அங்கே பலருக்குப் பல்லில் மண்ணிறக் கறை. ஒழுங்காகத் தீட்டாத பல் என்று நான் மனதுக்குள் நினைத்திருந்தேன், அது என் பிழை. பல் உருவாகும் வயதில் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட் கூடினால் வரும் கறை அது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வவுனியாவில் பல கிணறுகள் அதைத் தாண்டும். புளோரைட் பல்லில் பட்டால் நல்லது, வளரும் பிள்ளையின் வயிற்றுக்குள் கூடப் போனால்தான் கறை.

போன மாதம் கடைசியாகப் போனோம். ஆறு வயதுப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டது. சூத்தை வராமல் இருக்க, அதன் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள வெடிப்புகளைத் துப்புரவாக்கி, காய வைத்து, ஒரு திரவத்தை ஓடவிட்டு நீல வெளிச்சம் பிடித்து இறுக்கினார்கள். ஊசியும் இல்லை, சுரண்டலும் இல்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

தம்பிக்கு இப்போது எட்டு மாதம், கீழே இரண்டு பல். அரிசிமணி அளவு பற்பசை தொட்டு நான் தீட்டிவிட, அக்காதான் ரோச் பிடிக்கிறாள்.