தக்காளியைக் கவிழ்த்தது உரமில்லை, தேதி

போன வருஷம் என் தக்காளிச் செடிகளைப் பார்த்தவர்கள் எல்லாருமே பாராட்டினார்கள். இடுப்புயரம், கரும்பச்சை இலை, கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ. பன்னிரண்டு செடியிலிருந்து கிடைத்தது மொத்தம் நான்கு காய். தினமும் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்கப் பூ கொட்டிக் கிடக்கும். தக்காளிப் பூவின் காம்பில் பாதி வழியில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? முதலில் அந்த இடம் மஞ்சளாகும், அப்புறம் விரல் பட்டாலே பூ அங்கே கழன்று கையோடு வந்துவிடும். சத்துப் பத்தவில்லை போலிருக்கிறது என்று நானும் உரத்தை அள்ளிப் போட்டேன். செடி இன்னும் ஒரு சாண் வளர்ந்தது, அவ்வளவுதான்.

நட்ட நாள்தான் தப்பு. பகலில் 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்காத வெயில் தொடர்ந்து அடித்தால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. கருவுறாத பூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று செடியே அதை உதிர்த்துவிடும். எல்லாரும் பகல் வெயிலைத்தான் பார்க்கிறோம், தக்காளிக்கு இரவும் முக்கியம்.

வெப்பமான ஊரில் இளவேனில் என்பது வெயில் வருவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நாள் அவகாசம், அவ்வளவே. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு "குளிர் போகட்டும், அப்புறம் விதை போடலாம்" என்று காத்திருந்தால் என் கதைதான். இப்போது நான் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறேன். இரவு சூடாக ஆரம்பிக்கும் நாளைக் குறித்துக்கொண்டு, விதையிலிருந்து நாற்று நடும் அளவுக்கு வர ஒரு மாதம், நட்டதிலிருந்து பூக்க இன்னொரு மாதம், காய் பிடிக்க மூன்று வாரம் என்று கழித்துக்கொண்டே போனால், போர்வைக்குள்ளிருந்து எழ மனசில்லாத நாட்களிலேயே விதை போட வேண்டும் என்று வருகிறது. தேதி தவறிவிட்டதா, பெரிய தக்காளியை அந்த முறை விட்டுவிடுங்கள். குட்டித் தக்காளி ரகங்கள் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதை வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம்.

கொத்தமல்லியும் அப்படித்தான். வெயில் ஏறியதும் இலையை விட்டுவிட்டுத் தண்டு நீட்டிப் பூத்துவிடும், கிள்ளிவிட்டாலும் கேட்காது.

வெயிலுக்கென்றே பிறந்தவை வேறு இருக்கின்றன: வெண்டை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, அப்புறம் பீர்க்கு, சுரை மாதிரிக் கொடிகள். வெண்டைக்கு மண் சூடாக இருந்தால்தான் முளைப்பே ஒழுங்காக வரும். விதையை ஓர் இரவு ஊறவைத்து நேராக நிலத்திலேயே ஊன்றுங்கள், நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அறுபட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். 50 நாள் சுமாருக்குக் காய் வந்துவிடும். முதல்முறை தோட்டம் போடுகிறவர் என்னிடம் கேட்டால் வெண்டையும் கீரையும் மட்டும் போடச் சொல்வேன். கீரை ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும், அந்த உற்சாகம் வேண்டும்.

மண்ணைப் பற்றி ரொம்பப் பேசுவதற்கில்லை. ஈரமாக ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களியாக நின்றால் மக்கிய உரம் சேருங்கள், உருண்டையே பிடிக்காவிட்டாலும் அதேதான். தொட்டிக்குத் தென்னைநார்க் கழிவு கலப்பதானால் இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்துவிட்டுக் கலக்கவும், அதில் உப்பு இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்குப் பூசணி இலை எல்லாம் குடை மடக்கின மாதிரி தொங்கும். பதறிப்போய் வாளியைத் தூக்காதீர்கள். வேர் இழுக்கிற வேகத்தைவிட இலை ஆவியாக விடுகிற வேகம் அதிகம், அதனால் வருகிற வாட்டம் அது, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் தாகம். நான் மதியமும் ஊற்றி, மாலையும் ஊற்றி, இரண்டு செடியை வேர் அழுகவைத்தேன். காலையில் ஒரே முறை, வேர்வரை இறங்கும்படி ஊற்றிவிட்டு, விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்து அடுத்ததை முடிவு செய்வதே நல்லது. காய்ந்த இலையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் வேலை பாதியாகும். தண்டை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடம் விடவும், இல்லாவிட்டால் தண்டு அழுகும். கருப்புத் தொட்டி வைத்திருப்பவர்கள் மதியம் அதன் பக்கவாட்டில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் நீங்களே அதற்கு வெள்ளைத்துணி சுற்றிவிடுவீர்கள்.

இலைச் சாற்றை உறிஞ்சுகிற செம்பேன் என்ற பொடி உயிரி வரும், வறண்ட வெயில் அதற்குக் கொண்டாட்டம். இலையின் மேலே ஊசியால் குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் அதுவே போதும்.

இந்த வருஷம் தக்காளி சீக்கிரமே காய்த்து முடிந்துவிட்டது. இப்போது அந்தப் பந்தலில் பீர்க்கும் சுரையும் ஏறியிருக்கின்றன. முதல் பத்து நாள் வெறும் ஆண் பூவாகவே பூத்துத் தள்ளியதில், இதுவும் கவிழ்த்துவிட்டதோ என்று பயந்தேன். ஆண் பூ முதலில் வருவது அதன் வழக்கம்தானாம். பெண் பூவுக்குக் கீழே விரல்நுனி அளவில் ஒரு குட்டிக்காய் இருக்கும், அதுதான் அடையாளம். இரண்டுமே சாயங்காலம் பூக்கிறவை, அந்த நேரத்தில் தேனீ அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அதனால் இருட்டுகிற நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு பெண் பூவாகத் தொட்டுக்கொண்டே போகிறேன். நேற்று ஏழு பூ. பார்க்கலாம்.